எட்டு நூல் உயரம்

முட்டி எட்டவில்லை. சுத்தமாக எட்டாமல் போயிருந்தால்கூடப் பரவாயில்லை, சரிதான் போ என்று எழுந்து போயிருக்கலாம். இது அப்படி இல்லை. குதிகாலைத் தூக்கினால் எட்டுகிறது, இறக்கினால் விட்டுப்போகிறது, தூக்கியே வைத்திருந்தால் மூன்றாவது பாட்டில் கெண்டைக்கால் சதை உருண்டு கல்லாகிவிடுகிறது, இதோ இப்போது ஆகியிருப்பது மாதிரி. கெசியா குனிந்து சுடிதாருக்கு மேலாகவே அந்தக் கல்லை அமுக்கினாள். உள்ளே என்னதான் இருக்கும், கயிறா, கயிறு என்றால் அதை யார் உட்கார்ந்து முறுக்குகிறார்கள். கீழே தங்கபுஷ்பம் அக்கா மைக்கைப் பிடித்துச் சாட்சி சொல்லத் தொடங்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் முதலில் மூன்று வேகமான பாட்டு, அப்புறம் சாட்சி நேரம், அப்புறம் இரண்டு மெதுவான பாட்டு, அதன் பிறகு பாஸ்டர் பிரசங்கம். வேகமான பாட்டில் டிரம்சும் கைதட்டலும் எல்லாவற்றையும் மூடிவிடும், இவள் வாசிப்பது இவளுக்கே கேட்காது. மெதுவான பாட்டுத்தான் ஆபத்து. அதில் இவள் ஒரு கம்பியைத் தொட்டால் கடைசிப் பெஞ்சில் தூங்கும் குழந்தைக்கும் கேட்கும். தங்கபுஷ்பம் அக்கா சாட்சியைச் சீக்கிரம் முடிக்கிற ஆள் இல்லை, மகனுக்கு விசா கிடைத்ததைச் சொல்ல வேண்டுமென்றால் மகன் பிறந்ததிலிருந்து தொடங்குவாள். எப்படியும் கால் மணி நேரம். கால் மணி நேரத்தில் சத்தமே இல்லாமல் இந்த ஸ்டூலை என்ன செய்ய முடியும்.

சபையில் இதை மேசைக் கித்தார் என்பார்கள். பார்த்தால் இஸ்திரி போடும் மேசை மாதிரித்தான் இருக்கும், நாலு கால், மேலே பத்துக் கம்பி, அடியில் மூன்று பெடல், பெடலுக்கு மேலே முட்டியின் இரண்டு பக்கமும் தொங்குகிற இரும்பு நாக்குகள். அந்த நாக்குக்குப் பெயர் லீவர். முட்டியால் அதை இடித்தால் கம்பியின் சுரம் அரைப் படி ஏறும், இறங்கும். இடது கையில் இரும்பு உருளை ஒன்று, அதைக் கம்பிமேல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். வலது கை விரல்களில் மாட்டுகிற நகங்கள், மீட்ட. இடது பாதம் பெடலுக்கு, வலது பாதம் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற இன்னொரு பெடலுக்கு, இரண்டு முட்டியும் லீவருக்கு. உடம்பில் சும்மா இருக்கட்டும் என்று விட்டு வைத்தது உட்காருகிற இடத்தை மட்டும்தான், அதுவும் இப்போது சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. கிங்ஸ்லி சித்தப்பா கப்பலில் இன்ஜினியர், ஏதோ ஒரு துறைமுகத்தில் யாரோ ஒருவரிடம் வாங்கி ஊருக்குக் கொண்டுவந்தார், லீவு முழுக்க வாசித்தார், திரும்பிப் போகும்போது கெசியாவிடம் கித்தார் பெட்டியின் சாவியைக் கொடுத்து, "பத்திரமா வச்சிக்க, தொடாத" என்று சொன்னார். தொடாதே என்று சொன்னதால் தொட்டாள். ஒன்றரை வருஷம் ஆகிறது. செல்போனில் வீடியோ பார்த்து, நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி பார்த்துக் கற்றுக்கொண்டாள். தொப்பி போட்ட பெரிய பெரிய ஆண்கள், முகத்தில் ஒன்றுமே தெரியாது, கீழே மட்டும் கால் என்னவெல்லாமோ செய்துகொண்டிருக்கும், குளத்தில் வாத்து மாதிரி.

இன்று காலை ஆராதனைக்கு முன்னால் வயர் மாட்டும்போது செல்வின் அண்ணன் வந்து நின்றார். பாட்டுக் குழு அவர் பொறுப்பு. நல்ல மனுஷன்தான், கெட்ட செய்தியைக்கூட வயரைச் சுருட்டிக்கொண்டேதான் சொல்வார். "கெசியா, பாத்துக்க. போன வாரம் மாதிரி இன்னைக்கும் கால இழுத்துக்கிச்சு, பாட்டு எறங்கிச்சின்னா, மேசய மடிச்சிப் பெட்டிக்குள்ள வச்சிருவோம் என்ன. ரூபன் கீபோர்டுல அதே சத்தம் ஒரு பட்டன்ல கெடக்கு." "அதே சத்தம் இல்லண்ணே." "நீ சொல்லுத. சபைக்கு அதே சத்தந்தான்." பக்கத்தில் ரூபன் கீபோர்டைத் துணியால் துடைத்துக்கொண்டு, கேட்காத மாதிரி நின்றான். ரூபன் கெட்டவன் இல்லை. ஆனால் அந்தப் பட்டனை அவன் கண்டுபிடித்துவிட்டான், போன வாரம் கெசியா விட்ட இடத்தில் அவன் பட்டனை அமுக்கித்தான் பாட்டைக் காப்பாற்றினான், காப்பாற்றியவனை என்ன சொல்லித் திட்டுவது. போன வாரம். நினைக்க வேண்டாம் என்று நினைத்தாலும் அது வந்து உட்கார்ந்துகொள்கிறது. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்தி நிற்கிற இடம், பாட்டு ஓய்ந்து ஒரே ஒரு சுரம் மட்டும் நிற்க வேண்டும், அவள்தான் அதை நிறுத்தினாள், நின்றது, நன்றாகவே நின்றது, அப்புறம் கெண்டைக்கால் சுருக்கென்று இழுத்தது, பாதம் பெடலை விட்டு வழுக்கியது, அந்த ஒரே சுரம் பள்ளத்தில் விழுந்த ஆட்டுக்குட்டி மாதிரி கத்திக்கொண்டே கீழே போனது. ஒரு குழந்தை சிரித்தது. அந்தக் குழந்தையின் அம்மா அதன் வாயைப் பொத்தினாள். பொத்தியதுதான் இன்னும் மோசம்.

ஆனால் பட்டறையில் இழுப்பதே இல்லை. இதுதான் விஷயம், இதை யாரிடம் சொன்னாலும் அவர்கள் முகத்தில் ஒரு மாதிரிப் புரிந்த களை வருகிறது, எதுவும் புரிந்திருக்காது. வீட்டில் இடம் இல்லாததால் கித்தார் வாரம் முழுக்க ஞானதுரை மாமாவின் தச்சுப் பட்டறையில்தான் இருக்கும். கெசியா பகலெல்லாம் அங்கேதான் வேலை செய்கிறாள், உப்புத்தாள் தேய்ப்பாள், வார்னிஷ் அடிப்பாள். சாயங்காலம் மாமா டீ குடிக்கப் போனதும் போர்வையை எடுத்துவிட்டு உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம், காலில் ஒன்றும் இருக்காது, எழுந்து நடந்தால் கால் இருக்கிற ஞாபகமே இருக்காது. அதே கித்தார். அதே ஸ்டூல், அதையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். அதே கால். இங்கே வந்து உட்கார்ந்தால் முட்டி எட்டவில்லை. "பயம்மா அது," என்று பாஸ்டரம்மா சொன்னார்கள், "ஆண்டவர் கையில குடுத்திரு." அம்மா கண்ணு பட்டிருக்கு என்றாள், உப்பு சுற்றலாமா என்று கேட்டுவிட்டு, விசுவாசிகள் உப்பு சுற்றக் கூடாது என்று அவளே ஞாபகப்படுத்திக்கொண்டு, சும்மா தலையைத் தடவிவிட்டாள். கிங்ஸ்லி சித்தப்பா கப்பலிலிருந்து வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார், பின்னால் இன்ஜின் இரைந்தது, "கித்தார் கால உள்ள தள்ளிப் பாரு, உயரம் கொறையும்." தள்ளிப் பார்த்தாள், பெடல் தரையில் இடித்தது. மாமாவுக்குச் சந்தேகமே இல்லை. ஸ்டூல்தான். எந்த வியாதிக்கும் மாமாவிடம் மரத்தில் ஒரு மருந்து இருக்கும். ஏதோ ஆஸ்பத்திரியில் கழித்துப் போட்ட சுழல் ஸ்டூலின் திருகை வாங்கி, மேலே தேக்கில் பலகை போட்டு, நாலு கால் வைத்து, பலகையைச் சுற்றினால் ஏறுகிற மாதிரி, இறங்குகிற மாதிரி அவரே செய்தது. முதல் ஞாயிறு பதினெட்டு இஞ்சு. இரண்டாவது ஞாயிறு பதினெட்டரை. மூன்றாவது ஞாயிறு பத்தொன்பதும் இரண்டு நூலும். நாலாவது ஞாயிறு இருபது. இஞ்சை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நூல், தச்சர்களுக்கு அதுதான் கணக்கு, மாமா கண்ணாலேயே ஒரு நூலைச் சொல்லிவிடுவார். எல்லாம் பட்டறைச் சுவரில் பென்சிலால் எழுதியிருக்கிறது, கெசியாதான் எழுதினாள், பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் ஒரு நோட்டையும் முழுதாக எழுதாதவள். திருகு அதற்குமேல் ஏறாது என்றானதும் இன்று காலை ஸ்டூலின் நாலு காலுக்கும் அடியில் மாமா நாலு பிளைவுட் துண்டு வைத்தார், ஒவ்வொன்றும் நாலு நூல் கனம், ஆட்டிப் பார்த்தார், ஆடவில்லை, "இப்ப உக்காரு, ராஜாத்தி மாதிரி இருக்கும்" என்று சொல்லிவிட்டு மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்து, இங்கேயே பார்த்துக்கொண்டிருக்கிறார். ராஜாத்தியின் கால் கல்லாக இருக்கிறது மாமா.

"ஸ்தோத்திரம் சொல்லுங்க," என்றாள் தங்கபுஷ்பம் அக்கா, சபை முழுக்க ஸ்தோத்திரம் என்றது. அந்தச் சத்தத்துக்குள் கெசியா பாதி எழுந்து பலகையை இறங்குகிற பக்கம் ஒரு சுற்று சுற்றிவிட்டாள், கிறீச் என்றது, யாருக்கும் கேட்கவில்லை, ரூபனுக்கு மட்டும் கேட்டது, திரும்பிப் பார்த்தான். ஆக இதுதான் வழி, ஒரு ஸ்தோத்திரத்துக்கு ஒரு சுற்று. ஏற்றி ஏற்றிப் பார்த்தாயிற்றே, இறக்கிப் பார்த்தால் என்ன. அடுத்த ஸ்தோத்திரத்துக்குக் காத்திருந்தாள். மகன் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தான், இன்னும் காலேஜ் இருக்கிறது, அப்புறம்தான் விசா. பன்னிரண்டாம் வகுப்பு. கெசியா பதினொன்றில் பாதியிலேயே நின்றுவிட்டாள். ஏன் நின்றாய் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொல்லியிருக்கிறாள், கணக்கு வரவில்லை என்று ஒருவருக்கு, அம்மாவுக்குத் துணை என்று ஒருவருக்கு. உண்மையான காரணம் பெஞ்சு. உட்கார முடியவில்லை, அவ்வளவுதான், இதைச் சொன்னால் யார் நம்புவார்கள். நாற்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள், இவளுக்கு மட்டும் இடுப்பிலிருந்து ஏதோ ஒன்று ஏறும், எழுந்து நின்றுவிடுவாள், டீச்சர் "என்ன" என்பார், என்ன என்று இவளுக்கும் தெரியாது, எதையாவது கேட்க வேண்டுமே என்று ஏதாவது கேட்பாள், வகுப்பு சிரிக்கும். "ஒனக்கென்ன உக்கார்ற எடத்துல ஆணியா இருக்கு," என்று அம்மா கேட்பாள். அம்மா கேட்டதை நினைத்தால்தான் பயம் வருகிறது, பாஸ்டரம்மா சொன்ன பயம் இல்லை, இது வேறு. ஒருவேளை ஸ்டூலில் ஒன்றும் இல்லையோ. கித்தாரிலும் ஒன்றும் இல்லையோ. நாலு பேர் பார்க்க ஓர் இடத்தில் உட்கார வேண்டும் என்றாலே இவள் உடம்பு ஏதாவது ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொள்கிறதோ, பள்ளிக்கூடத்தில் இடுப்பு, இங்கே கெண்டைக்கால். அப்படி என்றால் பெட்டியில் வைக்க வேண்டியது கித்தாரை இல்லை. தனியாக இருந்தால் மட்டும் உட்காரத் தெரிந்தவளுக்கு எதற்குப் பாட்டுக் குழு, பட்டறையிலேயே போர்வைக்குள் வைத்துக்கொண்டு உப்புத்தாள் தேய்த்துக்கொண்டே கிழவியாகிவிடலாம்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்." ஸ்தோத்திரம் என்றது சபை. ஒரு சுற்று. கிறீச். இன்னொரு தடவை அல்லேலூயா வந்தது, சும்மா விடுவானேன் என்று இன்னொரு சுற்று. உட்கார்ந்தாள். இடுப்பு இறங்கியிருந்தது நன்றாகத் தெரிந்தது, கம்பிகள் நெஞ்சுக்குக் கிட்டே வந்த மாதிரி, தோள் கொஞ்சம் தூக்கின மாதிரி. இடது பாதத்தைப் பெடலில் வைத்து, குதிகாலைத் தரையில் ஊன்றி, முட்டியைப் பக்கவாட்டில் அசைத்தாள். எட்டவில்லை. லீவரின் நுனிக்கும் முட்டிக்கும் நடுவே முன்பு எவ்வளவு காற்று இருந்ததோ அவ்வளவு காற்று இப்போதும் இருந்தது. கெசியா கையைக் கீழே விட்டு விரலால் தடவிப் பார்த்தாள். அப்படியே இருக்கிறது. இது எப்படி. ஸ்டூல் மூன்று சுற்று இறங்கியிருக்கிறது, முட்டி இறங்கவே இல்லை. முட்டிக்கும் ஸ்டூலுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி அது பாட்டுக்கு இருந்த இடத்தில் இருக்கிறது. வலியைக்கூட மறந்துவிட்டாள், என்ன இது என்று இருந்தது. முட்டியை யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். மேலிருந்து இடுப்பு பிடிக்கவில்லை, அது தெரிந்துபோயிற்று, இடுப்பு ஏறினால் தொடை சரியும், இறங்கினால் தொடை நிமிரும், முட்டி நகராது. அப்படியென்றால் கீழிருந்துதான். குதிகால். குதிகாலிலிருந்து முட்டிவரை ஒரே எலும்பு, அது நீளாது, குறுகாது. தரையில் குதிகாலை ஊன்றினால் முட்டியின் உயரம் முடிந்தது, மேலே தங்கச் சிம்மாசனம் போட்டாலும் அதேதான். அட. அஞ்சு ஞாயிறாக மாமாவும் இவளும் சுவரில் எழுதியதெல்லாம் வேறு ஏதோ ஒன்றின் கணக்கு. ஆனால் இது பாதிதான். பட்டறையில் மட்டும் எப்படி எட்டுகிறது, அங்கே போனால் எலும்பு நீளுமா.

தங்கபுஷ்பம் அக்காவின் மகன் காலேஜுக்குள் போய்விட்டான். கெசியா கண்ணை மூடிக்கொண்டாள், பார்ப்பவர்கள் ஜெபிக்கிறாள் என்று நினைப்பார்கள், நினைக்கட்டும். பட்டறைக்குள் நுழைந்தாள். அங்கே இருப்பது என்ன, இங்கே இல்லாதது என்ன. ஆள் இல்லை, அதைப் பாஸ்டரம்மா சொல்லிவிட்டார்கள், அதை விடு. ரேடியோ. ரேடியோவுக்கும் முட்டிக்கும் என்ன. மரத்தூள் வாசம், பெவிகால் வாசம், தகரக் கூரை வெயிலில் படபடவென்று நெளிகிற சத்தம். வாசலில் இழைப்பு மேசை, அதைச் சுற்றி வந்தால் கதவு நிலைகள் சாய்த்து வைத்திருக்கும், அதற்குப் பின்னால் கித்தார். தரை. தரை சிமென்ட், இங்கே டைல்ஸ், இரண்டும் தட்டை. தரையில் சீவல் சுருள் சுருளாகக் கிடக்கும், கூட்டினால் மறுநாள் அவ்வளவும் மறுபடி, சீவலுக்குள் ஆணி கிடக்கும், ஒரு தடவை மாமாவின் பெரியப்பா மகன் வந்து ஆணியில் ஏறி, மாமா அன்றைக்குப் போட்ட சத்தம், "எவன்டா அவன், பட்டறைக்குள்ள எவனும் செருப்பக் கழட்டாதீங்கன்னு எத்தன மட்டம் சொல்லுதேன்." சாமி படம் வைத்திருக்கிற கடைக்காரர்கள் மரம் வாங்க வந்தால் பழக்கத்தில் வாசலிலேயே கழற்றுவார்கள், மாமா ஓடிப்போய்த் தடுப்பார். ஆணி. ஆணி இருக்கிறது, அதனால். கெசியா கண்ணைத் திறந்தாள். மேடைக்கு இடது பக்கம் சின்னக் கதவு, அதற்கு வெளியே வெயிலில் செருப்புகள். ஒன்றின்மேல் ஒன்றாக, வெள்ளை வார், நீல வார், குழந்தைகளுடைய பூப்போட்டது, அத்தனையும் தேய்ந்து அப்பளம் மாதிரிக் கிடந்தன. அவற்றுக்கு நடுவே அவளுடையது. நாள் முழுக்கச் சிமென்ட் தரையில் நின்று வார்னிஷ் அடித்துக் குதிகால் வலிக்கிறது என்று அம்மா வாங்கிக் கொடுத்தது, கறுப்பு ரப்பர், தடி அடி, சர்க்கரை நோய்க்காரர்கள் போடுவார்களே அது. மற்ற செருப்பெல்லாம் தரையோடு கிடக்க அது மட்டும் திண்டு மாதிரி உயர்ந்து நின்றது.

எவ்வளவு இருக்கும். மாமாவின் கண்ணால் பார்த்தாள். ஓர் இஞ்சு, எட்டு நூல். கூடவே தொப்பி போட்ட ஆட்கள் ஞாபகம் வந்தார்கள், ஒன்றரை வருஷமாகப் பார்த்த அத்தனை பேரும், அவர்கள் காலில் பூட்ஸ், குதி வைத்த பூட்ஸ், இவள் அதைப் பகட்டு என்று நினைத்து, கையையும் முட்டியையும் மட்டும் பார்த்துவிட்டு விட்டிருக்கிறாள். கிங்ஸ்லி சித்தப்பா ஆறடி, அவர் வெறுங்காலில் வாசித்தாலும் எட்டும், அதனால் அவருக்கும் தோன்றவில்லை. மாமாவுக்கு எப்படித் தோன்றும், எனக்கே தோன்றவில்லையே. சபைக்கு வரும்போது வாசலில் கழற்றுகிறோம், போகும்போது மாட்டிக்கொள்கிறோம், நடுவில் செருப்பு என்று ஒன்று இருக்கிறதாகவே யாரும் நினைப்பதில்லை, ஆளைக் கணக்கெடுக்கும்போது செருப்பை யார் கணக்கெடுப்பார்கள். சிரிப்பு வந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டாள். இல்லை, அவசரப்படாதே, ஸ்டூலிலும் இப்படித்தான் ஒவ்வொரு ஞாயிறும் கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைத்தோம். பார்க்க வேண்டும். இடது கையில் இரும்பு உருளை இருந்தது, ஓர் இஞ்சுக்கு ஒரு நூல்தான் குறைவு. மடியில் கை வைக்கிற மாதிரிக் கீழே இறக்கி, தரையில் வைத்து, குதிகாலை அதன்மேல் ஏற்றினாள். சில்லென்று இருந்தது, உருளப் பார்த்தது, எலும்பில் குத்தியது. முட்டியை அசைத்தாள். லீவர் வந்து முட்டியின் ஓரத்தில் பட்டது. தானாக, தூக்காமல், ஒருவர் தோளில் இன்னொருவர் கை வைக்கிற மாதிரி.

இனி இருப்பது நேரம்தான். உருளையைக் காலுக்கடியில் வைத்துவிட்டால் கையில் எதைப் பிடிப்பது. செருப்பைப் போட்டுக்கொண்டு மேடைக்கு வரலாம், வந்தால் பாஸ்டர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு இவளைப் பற்றிப் பிரசங்கம் செய்வார். ஸ்டூலுக்குப் பக்கத்தில் பாட்டுப் புத்தகம் இருந்தது, தடி அட்டை போட்டது, கண்ணாலேயே தெரிந்தது, எட்டு நூல், அளவெடுத்த மாதிரி எட்டு நூல். கெசியா தன் காலைக் கொஞ்சம் அந்தப் பக்கமிருந்து இழுத்துக்கொண்டாள். நினைப்புக்கே இழுத்துக்கொண்டாள். அம்மா பார்த்தால் செத்துவிடுவாள் என்பது இருக்கட்டும், இவளுக்கே முடியாது, இவள் அதை மிதித்துவிட்டு அதில் இருக்கிற பாட்டை எப்படி வாசிப்பாள். வேறு என்ன. மைக் ஸ்டாண்டு, வயர், பூச்சாடி. பூச்சாடிக்கு அடியில் ஏதாவது இருக்குமா என்று பார்க்கப் போனவளுக்கு, பார்வை திரும்பும் வழியில், தான் உட்கார்ந்திருக்கிற ஸ்டூலின் கால் பட்டது. காலுக்கடியில் பிளைவுட். நாலு கால், நாலு துண்டு, துண்டுக்கு நாலு நூல். இரண்டை அடுக்கினால் எட்டு. குதிகாலுக்குக் கீழே வைக்க வேண்டியதை மாமா ஸ்டூலுக்குக் கீழே வைத்திருக்கிறார், கீழேதான், தப்பான கீழே. மூன்றாவது வரிசையில் மாமா கையைக் கட்டிக்கொண்டு, தாடையைத் தூக்கி, ஸ்டூலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் முன்னாலேயே அதை உருவ வேண்டும். அஞ்சு ஞாயிறு ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தவர். அவரிடம் சொல்லிவிட்டு எடுக்க நேரம் இல்லை, சொல்லாமல் எடுத்தால் முகம் சுருங்கிவிடும், ஆனால் எடுக்காவிட்டால் பெட்டி. மன்னிச்சிருங்க மாமா.

விசா வந்துவிட்டது. "எல்லாரும் எழுந்து நின்னு, கை தட்டி ஆண்டவர மகிமைப்படுத்துவோம்," என்றாள் தங்கபுஷ்பம் அக்கா. இருநூறு பேர் ஒன்றாக எழுந்தார்கள், நாற்காலிகள் தரையில் தேய்ந்தன, கைதட்டல் கூரையைத் தூக்கியது. கெசியா எழுந்து, ஸ்டூலை ஒரு பக்கம் சாய்த்து, இரண்டை உருவினாள், மறுபக்கம் சாய்த்து இரண்டை உருவினாள். ரூபன் கீபோர்டுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். "ஏட்டி, என்ன செய்யுத?" "ஒன் பட்டனுக்குப் பூட்டுப் போடுதேன்." "என்னது?" "ஒண்ணுமில்ல, ஒன் வேலயப் பாரு." இரண்டு துண்டை அடுக்கிக் குதிகால் வருகிற இடத்தில் வைத்தாள், இரண்டை வலது காலின் பெடலுக்கு அடியில் தள்ளினாள். உட்கார்ந்தாள். ஸ்டூல் சரியாக இருக்கிறதா என்று பார்க்கவில்லை, பார்க்க நேரமும் இல்லை, செல்வின் அண்ணன் மைக்குக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு முதல் வரியைத் தொடங்கிவிட்டார்.

முதல் பாட்டு போய்விட்டது. போனது எப்படி என்று கேட்டால் சொல்ல முடியாது, அவள் பாட்டைக் கேட்கவில்லை, கெண்டைக்காலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது வரும், இந்த வரியில் வரும், இந்த வரி முடிந்து அடுத்த வரியில். பழைய கல் மெதுவாக, ஐஸ் கரைகிற மாதிரி, எப்போது என்று தெரியாமல் இளகிக்கொண்டிருந்தது. இரண்டாவது பாட்டு போன வாரப் பாட்டேதான், செல்வின் அண்ணன் வேண்டுமென்றே வைத்தாரா தெரியவில்லை. ரூபனின் ஆள்காட்டி விரல் பட்டனுக்கு மேலே, தொடாமல், ஒரு நூல் உயரத்தில் நின்றது. நிற்கட்டும். அந்த இடம் வந்தது. டிரம்ஸ் ஓய்ந்தது, கீபோர்டு ஓய்ந்தது, எல்லோரும் கையை உயர்த்தி நின்றார்கள், ஒரே ஒரு சுரம். கெசியா உருளையை நகர்த்தி, மீட்டி, பெடலை மிதித்துப் பிடித்தாள். நின்றது. போன வாரம் விழுந்த இடம் வந்தது, விழவில்லை, நின்றது, சரி நின்றுவிட்டது போதும் என்று அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் அந்த லீவர் முட்டியை ஒட்டிக்கொண்டே இருந்தது, இப்போது இடித்தால் என்ன ஆகும், இத்தனை பேருக்கு முன்னால், இந்த அமைதியில், எப்படிக் கேட்கும். பட்டறையில் தெரியும், இங்கே தெரியாது. இடித்தாள். சுரம் அரைப் படி மேலே ஏறியது, அவசரமே இல்லாமல், அழுது முடித்த ஒருவர் மூச்சை இழுத்துக்கொள்வது மாதிரி ஏறி, அங்கே நின்றது. பட்டனில் அது இல்லை. பட்டன் தொடங்கும், முடியும், ஏற அதற்கு முட்டி கிடையாது. செல்வின் அண்ணன் கண்ணைத் திறந்து இந்தப் பக்கம் பார்த்தார், பாட வேண்டிய அடுத்த வரியைப் பாடாமல் கொஞ்சம் விட்டுவிட்டார். ரூபன் விரலை எடுத்தான். எடுத்து, சட்டையில் துடைத்து, மடியில் வைத்துக்கொண்டான்.

மூன்றாவது வரிசையில் எல்லோர் கையும் மேலே இருந்தது, மாமாவின் கை மட்டும் இல்லை. அவர் கண் ஸ்டூலின் காலில் இருந்தது, வெறுந்தரையில் நிற்கிற காலில். முகம் சுருங்கியது, அவள் நினைத்த மாதிரியேதான் சுருங்கியது. அப்புறம் கண் நகர்ந்து அவளுடைய குதிகாலுக்கு வந்தது, பிளைவுட்டைப் பார்த்தது, அங்கேயே வெகுநேரம் நின்றது. மாமா குனிந்து தன்னுடைய பாதத்தைப் பார்த்தார். பக்கக் கதவு வழியாக வெளியே, வெயிலில் கிடக்கிற செருப்புகளைப் பார்த்தார். நிமிர்ந்தபோது வலது கையைத் தூக்கினார், மகிமைப்படுத்த இல்லை, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஓர் இடைவெளி பிடித்து, பட்டறையில் கேட்கிற மாதிரிப் புருவத்தை உயர்த்திக் கேட்டார், எட்டு நூலா. கெசியாவின் இரண்டு கையும் வேலையில் இருந்தன, இரண்டு பாதமும், இரண்டு முட்டியும். தலை சும்மா இருந்தது, ஆட்டினாள். ஆட்டும்போது உடம்பு கொஞ்சம் அசைய, அடியில் தேக்குப் பலகை கிறீச் என்றது, தான் உட்கார்ந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.